அந்தப் பக்கத்துக் கரண்ட்

டெஸ்டரின் கைப்பிடிக்குள் விளக்கு சிவப்பாக எரிந்தது. எரியக் கூடாது. குணசீலன் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றபடி அதையே முறைத்துக்கொண்டிருந்தார், முறைத்தால் பயந்து அணைந்துவிடும் என்பதுபோல. மெயினை ஆஃப் செய்தாயிற்று. அதோடு விடாமல் ஃபீஸ் கட்டையையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாயிற்று. தொட்டால் பீங்கான் தட்டுப்படுகிறது, பை ஒரு பக்கமாக இழுக்கிறது. ஹாலில் காற்றாடி நின்றுவிட்டது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுவிட்டது. அடுப்படியில் சட்னி பாதி அரைபட்டபடி மிக்ஸிக்குள் கிடக்கிறது, அதற்கு இந்திராணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஆயிற்று. ஆக, இந்த வீட்டில் இப்போது கரண்ட் என்று ஒன்று கிடையாது. இல்லாத கரண்ட் இந்த எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மட்டும் எப்படி வரும்? வருகிறதே. கண்ணெதிரே வருகிறதே. ஒருவேளை மெயினை ஆஃப் செய்யவே இல்லையோ? செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பது நேற்றைய சங்கதியோ? நேற்றும் இதே ஸ்டூல் மேல்தான் நின்றார். இல்லை, நேற்று நின்றது பரணில் டெஸ்டரைத் தேடுவதற்கு. இல்லை, டெஸ்டரைத் தேடியது முந்தாநாள். நேற்று ஏறியது எதற்கு? எதற்கோ ஏறினார், ஏறியபின் எதற்கு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு இறங்கிவிட்டார்.

ஸ்டூலை விட்டு இறங்கி ஈரக்காலோடு ஹாலுக்குப் போனார். மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே என்றால் ஆஃப். அப்படித்தானே? ஆமாம், கீழே என்றால் ஆஃப், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் காலண்டருக்கு அடியில் அவருடைய சின்ன நோட்டு இருந்தது. 10.52 மெயின் ஆஃப். 10.53 ஃபீஸ் உருவியது. கீழே கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் அவர்; எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். எழுதியிருந்தால் நடந்திருக்கிறது. எழுதாதது நடக்கவில்லை. டிரைவர்கள் என்ன சத்தம் போட்டாலும் அவர் நோட்டைத்தான் காட்டுவார். இப்போது நோட்டு மெயின் ஆஃப் என்கிறது, டெஸ்டர் இல்லை என்கிறது. இந்த இரண்டில் ஒன்றுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது எழுதிய ஆளுக்கு.

"ஏங்க, ஆச்சா இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து இந்திராணி கேட்டாள். "ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கன்னா கேக்குறீங்களா? பத்து நிமிசத்துல முடிச்சுட்டுப் போயிருப்பான்."

"இந்தா ஆச்சு."

"அஞ்சரைக்கு டாக்டர்கிட்ட டோக்கன். மூணு மணி வண்டியப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும். அதுக்குள்ள குளிக்கணும், சாப்பிடணும்."

மூணு மணி வண்டி என்று எதுவும் கிடையாது. இரண்டு ஐம்பதுக்கு ஒன்று, மூன்று பத்துக்கு ஒன்று. அதைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சொன்னால் அவள், இதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல என்பாள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முந்தி மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அருப்புக்கோட்டை வண்டி என்று ராஜபாளையம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் எடுக்கும்போதுகூட உறைக்கவில்லை; கண்டக்டர் ஏதோ கேட்டான், இவர் ஏதோ தலையாட்டினார். திருமங்கலத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், இது எந்த ஊர் என்று ஒரு நிமிஷம் விளங்கவே இல்லை. அந்த ஒரு நிமிஷம்தான் அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது. வண்டி மாறி ஏறுவது யாருக்கும் நடக்கும். ஊர் தெரியாமல் போவது? அவருக்கு? ஆயிரம் ஆளுக்கு வண்டி காட்டியவருக்கு? இந்திராணி ஊரெல்லாம் சொல்லவில்லை, அது அவள் குணம் இல்லை. ஆனால் மறுநாளே மதுரையில் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரை விசாரித்து வைத்துவிட்டாள். அந்த டாக்டர் பேப்பரைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொல்வாராம். டைம் கீப்பரைக் கடிகாரம் வரையச் சொல்வார்களாம். அதனால்தான் இன்று காலை பல் தேய்க்கும்போது யாருக்கும் சொல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எட்டு நாளாக நின்று கிடக்கிற இந்த ஃபேனைத் தன் கையால் ஓடவைத்துவிட்டால் மூளைக்கு ஒன்றும் இல்லை, டோக்கனும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். ஓடவைக்க முடியாவிட்டால்? அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறார்.

மறுபடி ஸ்டூல். மறுபடி டெஸ்டர். மேலே இருந்து வருகிற மஞ்சள் வயரில் வைத்தார், எரிந்தது. கீழே சுவிட்ச் போர்டிலிருந்து ஏறிவருகிற கறுப்பு வயர் ஃபேனில் சேருகிற இடத்தில் வைத்தார், அதுவும் எரிந்தது. இதென்ன கூத்து? ஒன்றில் வரும், மற்றதில் போகும். வருகிறதில் எரியும், போகிறதில் எரியாது. உலகத்துக்கே தெரிந்த விஷயம் இது. இரண்டிலும் வந்தால் போவது எதில்? இரண்டிலும் வந்து எங்கேயும் போகாமல் நிற்கிறதா? சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. அணைத்துப் பார்த்தார், எரிந்தது. போட்டிருக்கும்போது அணைத்ததாக நினைக்கிறாரோ என்று சுவிட்சையே குனிந்து பார்த்தார். டெஸ்டர்தான் கெட்டுவிட்டதோ என்று தண்ணீர்க் குழாயில் வைத்தார், எரியவில்லை. சுவரில் வைத்தார், எரியவில்லை. இறங்கிப்போய் ஹால் பிளக்கில் செருகினார், எரியவில்லை. வீடு முழுக்கச் செத்துக்கிடக்கிறது, இந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் உயிர் இருக்கிறது. கரண்ட் தேங்கி நிற்குமோ? வாளியில் தண்ணீர் நிற்பதுபோல வயருக்குள் கொஞ்சம் நின்றிருக்கலாம், வடியட்டும் என்று வெஸ்டர்ன் டாய்லெட்டின் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கையில் டெஸ்டர், பையில் ஃபீஸ் கட்டை, மடியில் நோட்டு. 11.20, வடிவதற்குக் காத்திருப்பு, என்று எழுதினார். எழுதியதைப் படித்தபோது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, பின் வந்த வேகத்தில் பயம் வந்தது, ஏனென்றால் இந்த வரியை மட்டும் இந்திராணி எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினால் போதும், கடிகாரமெல்லாம் வரையவே வேண்டாம்.

அவனுக்கு எதுவும் விளங்காது. யாரோ பக்கத்தில் நின்று சொன்னமாதிரி கேட்டது. யாரோ என்ன யாரோ, அண்ணன் சொன்னதுதான். ஒன்பது வருஷத்துக்கு முந்தி பாகம் பிரிக்கும்போது பெரிய மாமா, சின்ன மாமா, பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு பேர், எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்த கூடத்தில் சொன்னது. "அவனுக்கு எதுவும் விளங்காது மாமா, நீங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுவான்." அண்ணன் தனசீலன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்றுகூடத் தெரியாது; அவர் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார், மைக் செட் போடுகிற ஆள், நாள் முழுக்கக் கூட்டத்துக்கு நடுவே கத்திக் கத்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகியவர். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். இந்திராணிகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். காட்டிய இடத்தில் குணசீலன் கையெழுத்துப் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது, தெருப்பக்கம் இரண்டு வாசல் ஆனது, பொங்கலுக்கு இரண்டு கோலம் ஆனது. பெண்கள் இருவரும் கோயிலிலும் ரேஷன் கடையிலும் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், ஒன்றும் நடக்காததுபோல. ஆண்கள் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார். இந்த ஒன்பது வருஷத்தில் குணசீலன் எதெதையோ விளங்கிக்கொண்டார். கேஸ் புக் செய்வது, போனில் பணம் அனுப்புவது, ஓய்வூதியத்துக்கு ஆன்லைனில் உயிரோடு இருப்பதாகக் காட்டுவது எல்லாம் தானே செய்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும், பார்த்தாயா என்று மனசுக்குள் ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கம் திரும்புவார். இது அவருக்கே தெரியாது. இன்று டாய்லெட் மூடி மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் கூச்சமாக இருந்தது.

11.31. எழுந்து ஏறி டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வடியவில்லை.

பயம் வேறு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்பது வயதில், அண்ணன் அப்போதுதான் மைக் செட் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த சமயம், ஏதோ ஒரு கல்யாண வீட்டில் குணசீலன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொட்டு அப்படியே ஒட்டிக்கொண்டார். அலறவும் முடியவில்லை, பல்லெல்லாம் ஆடியது. அண்ணன் ஓடிவந்து உதைத்த உதையில் மூன்றடி தள்ளிப்போய் விழுந்தார். கரண்ட் அடித்தது மறந்துவிட்டது, உதை மறக்கவில்லை, ஒரு வாரம் இடுப்பில் இருந்தது. உதைத்தபோது அண்ணன் காலில் செருப்பு இருந்ததா? இருந்ததுபோல இல்லை. வெறுங்காலோடுதான் உதைத்தாரோ? உதைத்தால் அவருக்கும் அடித்திருக்குமே. இத்தனை வருஷமாக உதையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கால் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சரி, அதை ஏன் இப்போது? ஃபேன். ஃபேனைப் பார்.

ஃபேனையே பார்த்தார். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாய் இறக்கைகள். இது முன்பும் ஒருதரம் நின்றதே. போன மே மாதம். பன்னிரண்டு நாள் ஓடாமல் கிடந்தது, கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்தது, ஒருநாள் காலையில் துடைப்பக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினார், சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் தட்டினேன், ஓடிவிட்டது என்று இந்திராணியிடம் ரெண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாள் என்று எப்படித் தெரியும்? எழுதியிருக்கிறார். என்றைக்கு ஓடியது? இந்திராணி ரேஷன் கடையிலிருந்து வந்து, பெரியவரு வந்துட்டாராம், கண் ஆபரேஷன் நல்லபடியா ஆச்சாம், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காராம் என்று சொன்ன அன்று. அன்று காலையில்தான் தட்டினார். அண்ணனும் மதினியும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனதும் மே மாதம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரை அடைப்பார்கள், கேஸை அடைப்பார்கள், மெயினை ஆஃப் செய்வார்கள். மெயினை ஆஃப் செய்வார்கள். குணசீலன் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார். நினைப்பு அதற்கு மேல் நகரவில்லை, அதையே சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே மெயினை ஆஃப் செய்தால் இங்கே எதற்கு நிற்க வேண்டும்? அங்கே இருந்தால்தானே இங்கே. அங்கே இருந்து இங்கே. இங்கே ஆஃப் செய்தாலும் இங்கே.

டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் ஃபேன் சட்டத்தின் நான்கு திருகுகளையும் கழற்றினார். நான்காவது வர மறுத்தது, வெகுநேரம் மல்லுக்கட்டினார். வயரில் கை படாமல் கந்தல் துணியால் பிடித்து ஃபேனைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தபோது சுவரில் வட்டமாய் ஓட்டை திறந்துகொண்டது, வெயில் முகத்தில் அடித்தது. மஞ்சள் வயர் எங்கே போகிறது என்று பார்த்தார். அது இந்தப் பக்கச் சுவருக்குள் இறங்கவே இல்லை. ஓட்டையின் விளிம்பில் ஒரு திருப்பம் திரும்பி, அந்தப் பக்கச் சுவரில் ஆணியடித்து ஆணியடித்துக் கட்டி, அண்ணன் வீட்டுப் பின்வாசல் நிலைக்கு மேலே ஒரு துவாரத்துக்குள் போய் நுழைந்தது. கோயில் கொடைக்குச் சீரியல் செட் விளக்கு இழுக்கிற அதே மலிவு வயர். ஒரே வீடாக இருந்த காலத்தில் இந்த ஃபேனை மாட்டியது அண்ணன்தான், யாரையும் கூப்பிடவில்லை, ஒரு மத்தியானத்தில் மாட்டிவிட்டார். கரண்ட் எங்கே கைக்கு எட்டுகிறதோ அங்கே கொக்கி போடுகிற கை அது. கறுப்பு வயர் இந்தப் பக்கம், மஞ்சள் அந்தப் பக்கம். பாகம் பிரிக்க வந்தவர்கள் தென்னைமரத்தை எண்ணினார்கள், கதவு ஜன்னலை எண்ணினார்கள், அம்மியை யாருக்கு என்றுகூடப் பேசினார்கள், இதைப் பார்க்கவில்லை. தனி மீட்டர் வைக்க வந்தவன்கூட போர்டைத்தான் மாற்றினான், ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்க்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். ஆஹா, எனக்கு ஒன்றும் இல்லை. மெயினை ஆஃப் செய்தேன், செய்ததுதான். எழுதினேன், எழுதியதுதான். மூளை சரியாகத்தான் இருக்கிறது, வயர்தான் கோளாறு. இந்திராணியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கூப்பிடப்போனவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்தார், கூப்பிடவில்லை.

அண்ணன் இருந்தார். பின்முற்றத்தில் பப்பாளி மரத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி, முக்காலியில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை. வெற்றுடம்பு, தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இப்படி ஆனார்? தெருவில் சட்டையோடு பார்க்கிறபோது அதே பெரிய ஆளாகத்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், பூசினார், மூக்கில் பட்டுவிட்டது, துடைத்தார், இன்னும் பரவியது. குணசீலன் ஒன்பது வருஷத்தில் அண்ணனை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு இது தெரியுமா? அதுதான் கேள்வி. தெரியாது என்றால், இப்போது தெரியவரும். தெரிந்தால், ஓஹோ, இத்தனை வருஷமா என் கரண்டைத் தின்னியா என்பார், தெருவே கேட்கக் கத்துவார், மைக் வேண்டியதில்லை. தெரியும் என்றால்? தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்றால்? அப்படியானால் தினமும் காலையில் இவர் குளிக்கும்போது, அந்த விர்ர் சத்தம் முற்றத்தில் கேட்கும்போது, பாரு, என் தயவில் குளிக்கிறான், இன்னும் விளங்கவில்லை இவனுக்கு என்று சிரித்திருப்பாரோ? மதினியிடம் சொல்லிச் சிரித்திருப்பாரோ? ஒன்பது வருஷம், தினம் ஒரு தரம். ஃபேனை இழுத்துப் பிய்த்துவிட்டு ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடலாம். ஜன்னல் இல்லாத குளியலறையில் ஜனங்கள் குளிப்பதில்லையா? ஆனால் பிய்ப்பதற்குக்கூட அந்தப் பக்கம் மெயினை அணைக்க வேண்டும். அணைக்காமல் தொட முடியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம், அவன் சுற்றிப்போய்க் கதவைத் தட்டிச் சொல்வான். சொல்வான், டீக்கடையிலும் சொல்வான். பேசாமல் திருகை மாட்டிவிட்டு மூணு பத்து வண்டியில் ஏறிப் போய்க் கடிகாரம் வரைந்துவிடலாம். வரைந்துவிடலாம்தான். பன்னிரண்டு எண், இரண்டு முள், என்ன கஷ்டம்? ஆனால் திருமங்கலம்? அந்த ஒரு நிமிஷம் இதில் சேரவில்லையே, அதற்கு எந்த வயரும் இல்லையே. சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. தான் சரியாக இருக்கிறோமா இல்லையா என்பது இந்த ஓட்டையிலும் தெரியவில்லை.

கூப்பிட வேண்டியதுதான் என்று எப்போது முடிவு செய்தார் என்று அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தார், அண்ணே என்பது தொண்டையிலேயே நின்றுகொண்டது. இருமினார். அந்தப் பக்கம் அசைவில்லை. கடைசியில், "ஹலோ" என்றார்.

தனசீலன் தலையைத் தூக்கித் தென்னைமரத்தைப் பார்த்தார். பிறகு பின்வாசலைப் பார்த்தார்.

"இங்க. மேல. ஃபேன் ஓட்டை."

அண்ணன் எழுந்து வந்து, பிரஷ்ஷும் கையுமாய்ச் சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஓட்டைக்குள் தம்பியின் முகம் மட்டும் வட்டமாகத் தெரிந்திருக்கும். கறுப்புப் பாதியும் வெள்ளைப் பாதியுமாய் இருந்த மீசை லேசாக ஆடியது.

"என்னடா?"

"மெயின ஆஃப் பண்ணணும்."

"எந்த மெயின?"

"உங்க மெயின. இது உங்க லைன்ல வருது."

ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தார். அண்ணன் ஆச்சரியப்படவில்லை. "ஆமா, என் லைன்தான். நாந்தான இழுத்தேன். போறது என் வீட்லருந்து, திரும்புறது உன் வீட்டு வழியா. எட்டு நாளா சத்தத்தையே காணோமேன்னு பாத்தேன். கனெக்சன் விட்டிருக்கும். நீ கைய வச்சிராத, இரு" என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷை மரத்து முண்டில் செருகிவிட்டுப் பின்வாசலுக்குள் போனார். போகிற வேகத்தில் நிலைப்படியில் கால் இடித்தது, உள்ளே மதினி, என்ன ஏது என்று கேட்டது காதில் விழுந்தது.

குணசீலன் டெஸ்டரை மஞ்சள் வயரில் வைத்தபடியே நின்றார். சிவப்பு எரிந்தது, எரிந்தது, எரிந்தது, அணைந்தது. கறுப்பிலும் இல்லை. காலையிலிருந்து எத்தனையோ தரம் தன் பக்கம் அணைத்துப் பார்த்து அணையாதது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை கீழே இழுத்ததும் அணைந்துவிட்டது.

"அணஞ்சுதா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அணஞ்சுட்டு."

"நான் மெயின்கிட்டயேதான் நிக்கிறேன். உங்க மதினி ஒன்னும் போட்டுற மாட்டா. நீ பாரு."

பார்த்தார். ஃபேனுக்குப் பின்னால் டேப் சுற்றிய இடத்தை அவிழ்த்தபோது கறுப்பு வயரின் செம்பு பச்சை பூத்து, முறிந்து, தோலின் தயவில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா? இதற்குத்தானா இந்தப் பாடு? பிளேடால் தோலைச் சீவினார். சீவிக்கொண்டே கேட்டார், கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வந்துவிட்டது. "ஒம்போது வருசமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. மதினி மூலமாவாவது."

மெயினை விட்டு நகர்ந்துவிட்டாரோ என்று பயந்து டெஸ்டரை எடுக்கப்போனார். அப்புறம் குரல் வந்தது, முன்னைவிடத் தணிவாக.

"சொன்னா நீ அறுத்துவிட்டிருப்ப."

குணசீலன் பிளேடைப் பிடித்தபடியே நின்றார். ஆமாம், அறுத்துத்தான் விட்டிருப்பார். சொன்ன அன்றே, அந்த நிமிஷமே, ஒரு ஆளைக் கூப்பிட்டு, சத்தமாக, தெருவுக்குத் தெரிகிற மாதிரி அறுத்துவிட்டிருப்பார். அண்ணன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். தினம் காலையில் அந்த முற்றத்தில் உட்கார்ந்து அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? ஃபேன் சத்தம் கேட்டால் தம்பி எழுந்துவிட்டான், குளிக்கிறான். கேட்காவிட்டால் என்னவோ. எட்டு நாளாக என்னவோ என்று இருந்திருக்கிறார். அப்படியா? அப்படித்தானா? இல்லை, இவராக நினைத்துக்கொள்கிறாரா? தெரியவில்லை. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் கண் எரிந்தது, சாயத்தின் நெடி ஓட்டை வழியே வந்ததாகக்கூட இருக்கலாம்.

"டே குணா, இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றார் அண்ணன். "கையோட உன் லைன்ல மாத்திக்கிரு. கீழ லைட்டுக்கு வர்ற வயர்லருந்து ஒன்ன எடுத்து முறுக்குனாப் போதும், இதத் துண்டா விட்டுரு. நான் இந்தப் பக்கம் கழட்டிக்கிறேன். அதான் முறை."

அதுதான் முறை. லைட்டுக்குப் போகிற வயர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு முழம் வயர் போதும், பெட்டியில் ஒரு சுருளே கிடக்கிறது. இரண்டு மீட்டர், இரண்டு மெயின், இரண்டு லைன், யாருக்கும் யாரிடமும் ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான். எலக்ட்ரீசியன் வந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பான். குணசீலன் பெட்டியிலிருந்த சுருளைப் பார்த்தார். முறிந்த கறுப்பு வயரின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக் குறடால் முறுக்கினார், இறுக்கமாக, இனி விடாது என்கிற வரைக்கும் முறுக்கினார். மஞ்சளை இருந்த இடத்திலேயே விட்டார். டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஏங்க, யார்ட்ட பேசிக்கிட்டிருக்கீங்க தனியா?" இந்திராணி குளியலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் நிஜமாகவே கலவரம் இருந்தது. அவர் கையால் பொறு என்று காட்டினார்.

"மாத்திட்டியாடா?"

"மாத்தல" என்றார் குணசீலன். சொல்ல ஆரம்பித்தபின் அண்ணே என்பது தானாக வந்தது. "மாத்தலண்ணே. பழையபடியே குடுத்துட்டேன்."

இந்திராணி சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"டேப்ப நல்லாச் சுத்துனியா?" என்றது குரல்.

"சுத்திருக்கேன்."

"நாலு சுத்தாவது சுத்தணும்."

"ஆறு சுத்திருக்கேன்."

"சரி. கைய எடு, போடுறேன்."